அந்த முதல் ‘எஸ்’: ஆலன் ஷுகார்ட்டின் கதை

போன செமஸ்டரில் ஒரு சாயங்காலம். தர்மபுரி பக்கம் கோடை மழைக்கு முன்னாடி காத்து அடிச்சா கரண்ட் போவது நமக்கு ஒண்ணும் புதுசு இல்லை. அன்றைக்கு யு.பி.எஸ் பேட்டரியும் சேர்ந்து கைவிட்டதில் லேபில் இருந்த ரெண்டு சர்வர், ஸ்டோரேஜ் பெட்டி எல்லாமே ஒரே நேரத்தில் அணைந்தன. முக்கால் மணி நேரம் கழித்து கரண்ட் வந்தது. சர்வர் எழுந்தது. ஃபைனல் இயர் புராஜெக்ட் எல்லாம் இருந்த வால்யூமைக் காணோம்.

அந்த வால்யூம் சர்வருக்குள் இல்லை. பக்கத்து அறையில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியில் இருந்து ஐ-ஸ்கஸி வழியாக வருவது. ஃபர்ஸ்ட் இயர் தம்பி தங்கைகளுக்காக ஒரு வரி: டிஸ்க் ஒரு இடத்தில், சர்வர் வேறு இடத்தில், நடுவில் சாதாரண நெட்வொர்க் கேபிள். ஆனால் சர்வருக்கு அது தன் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் டிஸ்க் மாதிரிதான் தெரியும். ஷேர்டு ஃபோல்டர் மாதிரி இல்லை, முழு டிஸ்க்காகவே தெரியும்.

நான் என்ன பண்ணினேன் என்றால், அவசரத்தில் ரெண்டாவது சர்வரில் உட்கார்ந்து அதே வால்யூமை அங்கே இணைத்து மவுண்ட் பண்ணினேன். வந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அதே சமயம் என் நண்பன், என்னிடம் சொல்லாமல், முதல் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணியிருந்தான். அதுவும் அதே வால்யூமை மவுண்ட் பண்ணிக்கொண்டது. ஒரே டிஸ்க், ரெண்டு சர்வர், ரெண்டும் எழுதுகின்றன. ஒன்று எழுதுவது மற்றதுக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் ஃபைல் சிஸ்டம் குப்பையானது. பிறகு சரிபார்க்கும் புரோகிராமை ஓட்டியபோது நூற்றுக்கணக்கான ஃபைல்கள் பெயரை இழந்து, வெறும் எண்ணாகக் கிடந்தன. ஒரு டீமுக்கு மூன்று வார சென்சார் ரீடிங் போச்சு. போனது போனதுதான்.

இதில் நான் பண்ணின தப்பு என்ன என்று தெரிந்துகொள்ள உட்கார்ந்தபோதுதான் ஸ்கஸி என்ற பெயரில் போய் நின்றேன். ‘ஸ்மால் கம்ப்யூட்டர் சிஸ்டம் இன்டர்ஃபேஸ்’ என்று புத்தகத்தில் மனப்பாடம் பண்ணியிருப்போம். அந்த முதல் எஸ், ‘ஸ்மால்’ ஆவதற்கு முன்னால் ஒரு மனிதரின் பெயராக இருந்தது. ஷுகார்ட்.

ஆலன் ஃபீல்டு ஷுகார்ட் 1930 செப்டம்பர் 27 அன்று லாஸ் ஏஞ்சலஸில் பிறந்தார். கலிபோர்னியாவிலேயே ரெட்லேண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் இன்ஜினியரிங் பிசிக்ஸ் படித்து 1951-ல் வெளியே வந்தார். உடனே ஐ.பி.எம்-மில் வேலை. பெரிய ஆராய்ச்சி வேலை எல்லாம் இல்லை, ஃபீல்டு இன்ஜினியர். அதாவது வாடிக்கையாளர் அலுவலகத்துக்கு டூல் பையைத் தூக்கிக்கொண்டு போய், நின்றுபோன மெஷினை ஓட வைக்க வேண்டும். அப்போதைய மெஷின் என்றால் துளையிட்ட அட்டைகளைப் படித்துக் கணக்குப் போடும் இரும்புப் பெட்டிகள். ரிலே ஒட்டிக்கொள்ளும், அட்டை மடங்கும், மோட்டார் சூடாகும். எது என்று கண்டுபிடிக்க ஸ்கிரீன் கிடையாது, எர்ரர் மெசேஜ் கிடையாது. காதும் கையும்தான்.

அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதும் பலர் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பின்னாளில் டிஸ்க் உலகத்தின் பெரிய முதலாளி ஆன மனிதர், ரிப்பேர் வேலையில் ஆரம்பித்தவர். நம்ம பசங்க கேம்பஸ் இன்டர்வியூவில் ‘சப்போர்ட்’ வேலை என்றால் முகம் சுளிக்கிறோம் இல்லையா, அதற்காகச் சொல்கிறேன்.

1950-களின் நடுவில் அவர் சான் ஹோசேயில் இருந்த ஐ.பி.எம் லேபுக்கு மாறினார். ரெனால்டு ஜான்சன் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியர் அந்த லேபுக்குத் தலைவர். அங்கே செய்துகொண்டிருந்த பொருள் ராமாக். 1956 செப்டம்பரில் ஐ.பி.எம் அறிவித்த இந்த மெஷினில்தான் உலகத்தின் முதல் வணிக ஹார்டு டிஸ்க் இருந்தது. ரெண்டு அடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றும். ஒரு கை மேலும் கீழும் போய் வேண்டிய தட்டைத் தேடி, உள்ளே நுழைந்து படிக்கும். எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய போனில் எடுக்கும் ஒரு நல்ல போட்டோவுக்கு அந்த முழு பீரோவும் சரியாக இருக்கும்!

இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் டேப்தான். டேப்பில் நடுவில் இருக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்றால் முதலில் இருந்து சுற்றிக்கொண்டே போக வேண்டும். டிஸ்க்கில் நேராக அங்கேயே போய் நிற்கலாம். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் பேங்க் கணக்கும் ரயில் டிக்கெட்டும் உடனுக்குடன் பார்க்கிற காலம் வந்தது.

ஷுகார்ட் அந்த லேபில் படிப்படியாக மேலே போய், கடைசியில் ஐ.பி.எம்-மின் டிஸ்க் பொருட்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளர் ஆனார். அந்தக் காலத்தில் அந்த நிறுவனத்துக்கு நல்ல லாபம் தந்த பிரிவுகளில் அது ஒன்று. அவருக்குக் கீழே இருந்த ஒரு சின்னக் குழு, டேவிட் நோபிள் தலைமையில், இன்னொரு பொருளில் கை வைத்தது. பெரிய கம்ப்யூட்டர்களுக்கு மைக்ரோகோடு என்று ஒன்று உண்டு, அதை மாற்ற வேண்டி வந்தால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மலிவாக அனுப்ப ஒரு வழி வேண்டும். அதற்காகச் செய்த, வளையக்கூடிய 8 அங்குலத் தட்டுதான் ஃபிளாப்பி. 1971-ல் வெளிவந்த முதல் ஃபிளாப்பியில் சுமார் 80 கிலோபைட்தான் பிடிக்கும், எழுதவும் முடியாது, படிக்க மட்டும். சரியாகச் சொன்னால் ஃபிளாப்பி பிறந்ததே மெஷினைப் பராமரிக்கிற வேலைக்காக. பழைய ஃபீல்டு இன்ஜினியரின் பிரிவிலிருந்து அப்படி ஒரு பொருள் வந்தது பொருத்தம்தான்.

அது வெளிவரும்போது அவர் அங்கே இல்லை. 18 வருடம் வேலை பார்த்த ஐ.பி.எம்-மை விட்டு 1969-ல் மெமோரெக்ஸ் நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவரை நம்பி ஐ.பி.எம்-மில் இருந்து ஏராளமான இன்ஜினியர்கள் பின்னாலேயே போனார்கள். ஐ.பி.எம் கம்ப்யூட்டரில் மாட்டினால் ஐ.பி.எம் டிஸ்க் போலவே வேலை செய்யும், விலை மட்டும் குறைவாக இருக்கும் டிஸ்க்குகளை மெமோரெக்ஸ் செய்தது. ஒருவர் செய்த கம்ப்யூட்டரில் இன்னொருவர் செய்த டிஸ்க். இன்றைக்கு அதில் ஒரு அதிசயமும் இல்லை. அன்றைக்கு அது சண்டை.

1973-ல் மெமோரெக்ஸையும் விட்டார். சொந்தமாகத் தொடங்கிய கம்பெனிக்குத் தன் பெயரையே வைத்தார், ஷுகார்ட் அசோசியேட்ஸ். கனவு பெரியது. ஃபிளாப்பி, பிரிண்டர், புரோசசர் எல்லாம் சேர்த்து சின்ன வியாபாரிகளுக்கு ஒரு முழு கம்ப்யூட்டர். பணம் கரைந்துகொண்டே போனது, பொருள் வெளியே வரவில்லை. பணம் போட்டவர்களுக்குப் பொறுமை போச்சு. 1974-ல் அவர் தன் பெயர் கொண்ட கம்பெனியில் இருந்தே வெளியேற வேண்டி வந்தது. பெயர்ப் பலகை மட்டும் அங்கேயே நின்றது.

அதன்பிறகு சுமார் அஞ்சு வருடம் அவர் டிஸ்க் கம்பெனி எதுவும் நடத்தவில்லை. சாண்டா க்ரூஸ் ஊரில் நண்பர்களோடு சேர்ந்து ஒரு மதுக்கூடம் திறந்தார். கொஞ்சம் ஆலோசனை வேலை. ஒரு மீன்பிடிப் படகு வாங்கி சால்மன் பிடிக்கப் போனார். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், பெரிய கம்பெனி மேனேஜர் வேலையை விட்டுட்டு ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டப் போன மாதிரி. சொந்தக்காரர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் போன பிறகுதான் அந்தக் கம்பெனி வளர்ந்தது என்பது இந்தக் கதையின் கொடுமை. 1976-ல் ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி டிரைவை அது சந்தைக்குக் கொண்டுவந்தது. வீட்டு மேஜைக் கம்ப்யூட்டர்கள் பரவியது அந்த டிரைவோடு சேர்த்துத்தான். 1977-ல் செராக்ஸ் நிறுவனம் கம்பெனியை வாங்கிக்கொண்டது. அங்கேதான், 1970-களின் கடைசியில், லாரி பௌச்சர் என்ற இன்ஜினியர் தலைமையில் ஸாஸி உருவானது. விரித்துச் சொன்னால் ‘ஷுகார்ட் அசோசியேட்ஸ் சிஸ்டம் இன்டர்ஃபேஸ்’. ஸ்கஸியை ஷுகார்ட்டே கண்டுபிடித்தார் என்று எங்காவது படித்தால் நம்பாதீர்கள். அவர் அப்போது அந்தக் கட்டடத்திலேயே இல்லை. பெயர் மட்டும் இருந்தது.

ஸாஸி என்ன பண்ணியது? அதுவரை கம்ப்யூட்டர்தான் டிஸ்க்கை நடத்த வேண்டும். எத்தனை தட்டு, எத்தனை ஹெட், எத்தனையாவது வட்டம் என்று எல்லாம் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்க் மாற்றினால் புரோகிராமும் மாற்ற வேண்டும். ஸாஸியில் டிஸ்க் பக்கம் ஒரு புத்திசாலி கண்ட்ரோலர் உட்கார்ந்துகொண்டது. கம்ப்யூட்டர் ‘இத்தனையாவது பிளாக்கைக் கொடு’ என்று எண்ணைச் சொன்னால் போதும். உள்ளே எப்படித் தேடுவது என்பது கண்ட்ரோலரின் கவலை. ஹோட்டலில் நாம் சப்ளையரிடம் ஒரு ரோஸ்ட் என்று சொல்கிறோம், கல் எத்தனை டிகிரி சூடு என்று கேட்பதில்லை. அதே மாதிரி.

1981-ல் இதைப் பொதுவான தரமாக்க அமெரிக்கத் தர நிர்ணயக் குழுவிடம் கொண்டுபோனார்கள். ஒரு பொதுத் தரத்துக்கு ஒரு கம்பெனியின் பெயர் இருக்கக்கூடாது இல்லையா? ‘ஷுகார்ட் அசோசியேட்ஸ்’ போய் ‘ஸ்மால் கம்ப்யூட்டர்’ வந்தது. 1986-ல் தரம் வெளியானது. கம்பெனி கையைவிட்டுப் போனபோதும் பெயர் மிச்சம் இருந்தது. இப்போது அந்தப் பெயரும் ஒரு எழுத்தாகச் சுருங்கி, அந்த எழுத்தும் வேறு அர்த்தத்துக்குப் போய்விட்டது.

அவரோ அதற்குள் திரும்பி வந்திருந்தார். 1979-ல் ஃபினிஸ் கானர் என்ற பழைய கூட்டாளியோடும் இன்னும் சிலரோடும் சேர்ந்து புதுக் கம்பெனி. மறுபடியும் தன் பெயரைத்தான் வைத்தார், ஷுகார்ட் டெக்னாலஜி. ஆனால் ஷுகார்ட் என்ற பெயர் கொண்ட பழைய கம்பெனி செராக்ஸின் கையில். சிக்கல் வந்தது. சொந்தப் பெயரையே விட்டுக்கொடுத்துப் புதுப் பெயர் தேட வேண்டியிருந்தது. அந்தப் புதுப் பெயர்தான் சீகேட்.

உங்கள் வீட்டு டெஸ்க்டாப்பையோ சிசிடிவி பெட்டியையோ கழற்றிப் பார்த்தால் அந்தப் பெயர் கண்ணில் படலாம். 1980-ல் சீகேட் கொடுத்த எஸ்.டி-506 தான் ஐந்தேகால் அங்குல அளவில் வந்த முதல் ஹார்டு டிஸ்க். 5 மெகாபைட். கவனித்தீர்களா, ராமாக்கின் அதே 50 லட்சம். ஒரு டன் பீரோவில் இருந்தது 24 வருடத்தில் ஃபிளாப்பி டிரைவ் வைக்கிற இடத்துக்குள் வந்துவிட்டது, ரெண்டு முனையிலும் அதே மனிதர் நின்றிருந்தார். 1983-ல் ஐ.பி.எம் தன் பி.சி எக்ஸ்.டி-யில் சீகேட்டின் 10 மெகாபைட் டிஸ்க்கை வைத்தது. பதினாலு வருடம் முன்னால் விட்டுவிட்டு வந்த பழைய முதலாளியே வந்து வாங்கினார்.

1989-ல் கண்ட்ரோல் டேட்டாவின் டிஸ்க் பிரிவை சீகேட் வாங்கியது. 1996-ல், இடையில் பிரிந்துபோய்த் தனிக் கம்பெனி நடத்திய ஃபினிஸ் கானரின் நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டது. உலகத்தின் மிகப்பெரிய டிஸ்க் கம்பெனி. அதன் தலைவர் பூப்போட்ட ஹவாய் சட்டையில் ஆபீசுக்கு வருவார். 1996-ல் எர்னஸ்ட் என்ற தன் நாயை அமெரிக்கக் காங்கிரஸ் தேர்தலில் நிறுத்த முயற்சி பண்ணினார். அரசியல்வாதிகள் மேல் இருந்த கோபம் அப்படி. விளையாட்டு என்று விட்டுவிட முடியாது. 2000-ல் கலிபோர்னியா வாக்குச்சீட்டில் ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்ற வாய்ப்பைச் சேர்க்கச் சொல்லி மக்கள் வாக்கெடுப்பு வரை கொண்டுபோனார். தோற்றார். அதையே நாம் நோட்டா என்கிறோம். நம்ம உச்ச நீதிமன்றம் நோட்டாவுக்கு வழி செய்து தீர்ப்பு சொன்ன நாள் 2013 செப்டம்பர் 27. அவருடைய பிறந்த நாள்! தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1998-ல் சீகேட்டின் இயக்குநர் குழு அவரைப் பதவி விலகச் சொன்னது. கிட்டத்தட்ட இருபது வருடம் நடத்திய கம்பெனி. தான் தொடங்கியதிலிருந்து அவர் வெளியே தள்ளப்படுவது இது ரெண்டாவது தடவை. அறுபத்தேழு வயதில் இன்னொரு சின்ன நிறுவனம் ஆரம்பித்தார், மற்றவர்கள் கம்பெனி தொடங்க உதவுவதற்கு.

இதற்கிடையில் அந்த எஸ் தன்பாட்டுக்கு ஒரு பயணம் போய்க்கொண்டிருந்தது. பழைய ஸ்கஸி ஒரு தடித்த கேபிள். அதில் எட்டுக் கருவிகள் வரை கோர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை ஒரு எண். கேட்கிறவர் இனிஷியேட்டர், கொடுக்கிறவர் டார்கெட், டார்கெட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு லன் எண். கேபிளின் ரெண்டு முனையிலும் டெர்மினேட்டர் என்ற அடைப்பான் மாட்ட வேண்டும். நீளம் சில மீட்டர்கள், அதிகபட்சம் 25 மீட்டர். அந்தக் கேபிளை அறுத்துப் போட்டுவிட்டு, அதே கட்டளைகளை நெட்வொர்க் பாக்கெட்டுக்குள் வைத்து அனுப்பினால் என்ன என்று 2000 வாக்கில் ஐ.பி.எம், சிஸ்கோ இன்ஜினியர்கள் யோசித்தார்கள். 2004 ஏப்ரலில் ஐ-ஸ்கஸி, ஆர்.எஃப்.சி 3720 என்ற எண்ணில் தரமானது. தர்மபுரியில் இருந்து கிருஷ்ணகிரி பிரிந்த அதே வருடம். இங்கே மாவட்டம் பிரிந்தது, அங்கே சர்வரில் இருந்து டிஸ்க் பிரிந்தது. இனிஷியேட்டர், டார்கெட், லன் எல்லாப் பெயரும் அப்படியே கூட வந்தன.

பெயரோடு நம்பிக்கையும் கூட வந்தது. சில மீட்டர் கேபிளுக்கு அந்தப் பக்கம் டிஸ்க் எப்போதும் இருக்கும், கேட்டதும் பதில் வரும், எழுதுகிறவன் நான் ஒருவன்தான் என்பது சர்வரின் நம்பிக்கை. நடுவில் ஒரு ஸ்விட்ச், ஒரு ஃபயர்வால், ஒரு கரண்ட் கட் இருப்பது அதற்குத் தெரியாது. ‘உள்ளே எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டாம்’ என்று ஸாஸி கொடுத்த வசதிதான், கோளாறு வரும்போது கண்ணைக் கட்டிவிடுகிறது. அதனால் ஐ-ஸ்கஸி கோளாறை சர்வரில் உட்கார்ந்து மட்டும் தீர்க்க முடியாது. டூல் பையைத் தூக்கிக்கொண்டு கேபிள் ஓரமாகவே நடக்க வேண்டும், ஷுகார்ட் 1951-ல் நடந்த மாதிரி.

எங்கள் லேபில் அன்றைக்கு நடந்ததை இப்படி நடந்து பார்த்தால் முதல் தப்பு கரண்ட் வந்த நிமிஷத்திலேயே இருக்கிறது. சர்வர் ரெண்டு நிமிஷத்தில் எழுந்துவிடும். ஸ்டோரேஜ் பெட்டி தன் டிஸ்க்குகளை எல்லாம் சரிபார்த்து எழுந்திருக்க ஆறேழு நிமிஷம் ஆகும். சர்வர் கேட்டது, பதில் இல்லை, சில தடவை முயற்சி செய்துவிட்டு விட்டுவிட்டது. கோளாறே இல்லை. சும்மா காத்திருந்து, மறுபடி லாகின் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். இப்போது ஸ்டோரேஜ் முதலில், சர்வர் பிறகு என்று போர்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம். லினக்ஸில் எஃப்.எஸ்.டேப் ஃபைலில் அந்த வால்யூமின் வரியில் அண்டர்ஸ்கோரோடு ‘நெட்டெவ்’ என்ற ஆப்ஷனையும் சேர்த்தோம். நெட்வொர்க் வரும் முன்னாலேயே டிஸ்க்கைத் தேடிப் பாதி பூட்டில் தொங்காமல் இருக்க அது. கூடவே எஸ்.டி.பி, எஸ்.டி.சி என்ற பெயரை நம்பாமல் யு.யு.ஐ.டி போட்டு மவுண்ட் பண்ணுங்கள். ஐ-ஸ்கஸி டிஸ்க்குகள் எந்த வரிசையில் எழுந்ததோ அந்த வரிசையில்தான் எழுத்து கிடைக்கும், அடுத்த ரீஸ்டார்ட்டில் மாறிவிடும்.

டார்கெட்டே தெரியவில்லை என்றால் முதலில் கேபிள், அப்புறம் பிங், அதன்பிறகு 3260 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பிங் போகிறது, 3260 போகவில்லை என்றால் ஃபயர்வால், இல்லாவிட்டால் ஸ்டோரேஜில் அந்த சர்வீஸ் ஓடவில்லை. டார்கெட் தெரிகிறது, உள்ளே விட மாட்டேன் என்கிறது என்றால் பெரும்பாலும் சேப் பாஸ்வேர்டு, அல்லது ஐ.க்யூ.என் பெயர். சர்வரை புதுசாக இன்ஸ்டால் பண்ணினால் அதன் ஐ.க்யூ.என் மாறிவிடும், ஸ்டோரேஜின் அனுமதிப் பட்டியலில் பழைய பெயரே இருக்கும். விண்டோஸ் பக்கம் சேப் பாஸ்வேர்டு 12 முதல் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்பதும் பலரை மண்டை காய வைத்திருக்கிறது. லாகின் ஆகிவிட்டது, டிஸ்க்கை மட்டும் காணோம் என்றால் லன்னை அந்த சர்வருக்கு ஒதுக்கியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஒரு ரீஸ்கேன்.

எனக்குப் பிடித்த கோளாறு ஒன்று உண்டு. லாகின் ஆகும், டிஸ்க் தெரியும், ஃபோல்டர் பட்டியலும் வரும். பெரிய ஃபைலைக் காப்பி பண்ண ஆரம்பித்ததும் அப்படியே நின்றுவிடும். சர்வரிலும் ஸ்டோரேஜிலும் ஜம்போ ஃபிரேம் என்று எம்.டி.யு-வை 9000 வைத்திருப்பார்கள், நடுவில் இருக்கும் ஸ்விட்ச் 1500-லேயே இருக்கும். சின்ன பாக்கெட் போகும், பெரியது விழுந்துவிடும். சாதாரண பிங் இதைக் காட்டாது. துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 8972 பைட் வைத்து பிங் பண்ணினால் உடனே மாட்டும். 9000-ல் ஐ.பி தலைப்பு 20, ஐ.சி.எம்.பி தலைப்பு 8, மிச்சம் 8972. பழைய கேபிளில் டெர்மினேட்டர் மாட்ட மறந்தாலும் இதே குணம்தான்: சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது, ஆளைப் பைத்தியமாக்கும்.

திடீரென்று வால்யூம் ‘ரீடு ஒன்லி’ ஆகிவிட்டால் பதறி மறுபடி எழுத வைக்காதீர்கள். நெட்வொர்க் அறுந்து, லினக்ஸ் வழக்கமாகக் காத்திருக்கும் 120 விநாடியும் தாண்டி, எழுத முடியாமல் போனதால் ஃபைல் சிஸ்டம் தன்னைத் தானே பூட்டிக்கொண்டிருக்கும். முதலில் லாக் படியுங்கள். அன்மவுண்ட் பண்ணி, சரிபார்த்து, பிறகு மவுண்ட்.

நான் பண்ணின தப்புக்கு மட்டும் பிறகு மருந்து இல்லை. எக்ஸ்ட்-4, எக்ஸ்.எஃப்.எஸ் மாதிரி ஃபைல் சிஸ்டங்கள் டிஸ்க் தனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைப்பவை. ரெண்டு சர்வருக்கு வேண்டும் என்றால் அதற்கென்றே உள்ள கிளஸ்டர் ஃபைல் சிஸ்டம் வேண்டும், அல்லது ஒரு சர்வரில் மவுண்ட் பண்ணி என்.எஃப்.எஸ் வழியாக மற்றதுக்குக் கொடுக்க வேண்டும். ஸ்டோரேஜ் பெட்டியில் ஒரு லன்னுக்கு ஒரு ஐ.க்யூ.என் மட்டும் என்று அனுமதியைக் கட்டியிருந்தால் என் அவசரம் அங்கேயே நின்றிருக்கும். எங்கள் பெட்டியில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறந்துகிடந்தது. இப்போது கட்டியாச்சு. அந்த மூன்று வார ரீடிங்கை அவர்கள் மறுபடி எடுத்தார்கள். நானும் ராத்திரி கூட உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன்.

ஷுகார்ட் 2006 டிசம்பர் 12 அன்று கலிபோர்னியாவின் மான்டரேயில் இறந்தார். சில வாரங்களுக்கு முன் நடந்த இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடல் தேறவில்லை. வயது 76.

லினக்ஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள் ஒரு பென் டிரைவைச் செருகிவிட்டு டிஸ்க் பட்டியலைப் பாருங்கள். எஸ்.டி.ஏ அல்லது எஸ்.டி.பி என்று ஒன்று வந்து நிற்கும். ‘எஸ்.டி’ என்றால் ஸ்கஸி டிஸ்க். பென் டிரைவுக்குள்ளும் பேசுவது அதே கட்டளைகள்தான், அதனால்தான் அந்தப் பெயர். அந்த முதல் எஸ் இன்னும் அங்கேயே இருக்கிறது.